மொட்டைப் பாறை மேடு

அக்காவின் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இந்தத் தாளை ஏன் மாத்தாம வச்சிருக்கீங்க?" திரையின் மேல் ஒட்டிய மலிவான பிளாஸ்டிக் தாள் அது. ஒரு பக்கத்து மூலைகள் இரண்டில் மட்டும் தேய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு கீறல் இல்லை. போனைக் குறுக்காகத் திருப்பி இரண்டு கையாலும் பிடித்தால்தான் அந்தத் தேய்மானம் எப்படி வந்தது என்று தெரியும். அதில் இருக்கும் வண்டி ஓட்டும் விளையாட்டில் இடது கட்டைவிரல் விழும் மூலை பிரேக். வலது கட்டைவிரல் விழும் மூலை ஆக்சிலேட்டர். இரண்டில் பிரேக் மூலைதான் அதிகம் வெளுத்திருக்கிறது. சமீபத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு செல்போன் கடைக்காரர், சார்ஜ் ஏறவில்லை என்று கொடுத்த போனைச் சரிசெய்துவிட்டு, நல்ல மனசோடு அந்தத் தாளையும் உரிக்கப் போனார். அக்கா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிய வேகத்தில் அந்த மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற நான்தான் அசட்டுச் சிரிப்புச் சிரித்து அவரைச் சமாளித்தேன்.

அந்த மூலைகளைத் தேய்த்தவர் மாமா. அக்காவைக் கட்டியவர். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை கால் வைக்கிற இடத்தில் ஒரு சின்ன ஊரில் அவர்கள் வீடு. பிள்ளைகள் இல்லை. நிலமும் இல்லை. மாமா ஊர்க்காரர் ஒருவரின் டிராக்டரை ஓட்டினார். ஆலை ஓடும் மாதங்களில் கரும்பு லோடு. மற்ற மாதங்களில் மலைமேலிருந்து ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு. அந்த வட்டாரத்தில் அவரைப் போல மெதுவாக வண்டி ஓட்டுகிறவர் வேறு யாரும் கிடையாது. அவர் வண்டியில் ஏற ஓடிப் பிடிக்க வேண்டாம், நடந்தே பிடிக்கலாம் என்று கரும்பு வெட்டும் பெண்கள் கேலி செய்வார்கள். ஆலை வாசலில் நிற்கும் வரிசையில் எப்போதும் அவர் வண்டிதான் கடைசி. முதலாளி திட்டுவார். மாமா காது கேட்காதவர் மாதிரி டயரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். எனக்கே சில சமயம் எரிச்சல் வரும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது எங்கள் ஊரான நைனார்பாளையத்துக்கு அவசரமாகப் போக அவர் பைக்கில் ஏறிவிட்டு, பாதி வழியில் இறங்கிப் பஸ்ஸில் போயிருக்கிறேன்.

கரும்பு லோடு ஏற்றிய டிராக்டரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பின்னால் மலை மாதிரி பாரம் இழுக்கும்போது, வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும் மேட்டில் வண்டி முன்னங்காலைத் தூக்கிவிடும். சின்னச் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் சும்மா சுற்றும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் எதுவும் நடக்காது. இதற்கு எங்கள் பக்கத்தில் கண்ட வைத்தியம், முன் பம்பரில் ஆளை உட்கார வைப்பது. வெட்டுக் கூலிக்கு வந்தவர்களில் கனமான இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் மூக்குத் தாழும், வண்டி மேடேறும். மற்ற டிரைவர்கள் கையில் கிடைத்தவர்களை எல்லாம் ஏற்றுவார்கள். மாமா மட்டும் ஒப்பமாட்டார். "அடுத்த வூட்டு ஆள உக்கார வச்சு ஒண்ணு ஆயிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்பார். அதற்காக முன்பாரம் இல்லாமலும் போக முடியாதே. அதனால் அக்காவைத்தான் உட்கார வைப்பார். அக்காவும் வெட்டுக்குப் போகிறவள்தான். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்தபடி பம்பரில் ஏறி உட்காருவாள். வண்டி உறுமி மேடேறும்போது அவள் கத்திச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். "உன் கனத்துக்கு வண்டி தூக்கவே தூக்காது" என்று அவர் அங்கிருந்து கத்துவார். அவள் காய்ந்த கரும்புச் சோகையைப் பிய்த்து அவர்மேல் எறிவாள். அவர்கள் கொஞ்சிப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு இடத்தில்தான்.

என் வளைகாப்பு கள்ளக்குறிச்சியில் என் மாமியார் வீட்டில் நடந்தது. கூடப் பிறந்தவள் வளையல் போடாமல் எப்படி என்று அக்கா விடியலிலேயே வந்துவிட்டாள். மாமா லோடு முடித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று வயலில் கரும்பு ஏற்றியாகிவிட்டது, முன்னால் உட்கார அக்கா இல்லை. நாங்க ஏறுறோம் என்று இரண்டு பெண்கள் கேட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே மேட்டில் ஏற்றினார். மழை பெய்து கரை இளகியிருந்தது. வண்டி மூக்கைத் தூக்கியது, தூக்கிக்கொண்டே போனது, அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தது. அவர் தெறித்து விழுந்தார், அதனால் உயிர் தப்பியது. முதுகெலும்பு தப்பவில்லை. என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தபோது அக்கா என் கையில் கடைசி வளையலைப் போட்டுக்கொண்டிருந்தாள். கை வீங்கியிருந்ததால் அது ஏறவில்லை. சோப்பு நுரை தடவி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அறுந்த தண்டுவடம் திரும்ப ஒட்டாது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. இடுப்புக்கு மேல் மாமா பழைய மாமாதான். நல்ல கை, நல்ல பேச்சு. இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து என்னைக் கேட்டார்.

"பாப்பா, நீ இதுலயே கெடக்கிறவ. நெஜத்த சொல்லு. கால் வருமா?"

முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். எந்தச் சொல்லை முதலில் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எப்போது கையைப் பிடிக்க வேண்டும் எல்லாம் எனக்கு அத்துப்படி. "பாப்போம் மாமா" என்றேன். அவர் சிரித்துவிட்டு முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. அக்காதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கூடவே இன்னொன்றையும் சொல்வாள். "நா முன்னாடி உக்காந்திருந்தா வண்டி தூக்கியிருக்காதுடி." என் வளைகாப்பை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் என் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வேன். மாமாவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார். "நீ உக்காந்திருந்தா வண்டிக்கு அடியில நீ கெடந்திருப்ப. போடி, கஞ்சி ஊத்து" என்பார்.

அந்த விளையாட்டை அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். படுத்தே கிடக்கிறவருக்குப் பொழுது போகட்டும் என்று செய்ததுதான். பக்கவாட்டில் தெரிகிற ஒரு சிவப்பு ஜீப்பு, அதற்குள் தொப்பி போட்ட ஒரு பொம்மை டிரைவர். மேடும் பள்ளமுமாகப் பாதை வந்துகொண்டே இருக்கும். வழியில் மரக்கட்டை, உடைந்த பாலம், உருட்டிவிட்ட பாறை. பெட்ரோல் தீர்வதற்குள் அடுத்த கேனை எடுக்க வேண்டும். கையில் இருப்பது இரண்டே பொத்தான், பிரேக்கும் ஆக்சிலேட்டரும். ஸ்டீயரிங் கிடையாது. கொஞ்சம் அதிகமாக அமுக்கினால் ஜீப்பு முன்னங்காலைத் தூக்கும், குட்டிக்கரணம் போடும், அந்தப் பொம்மை தலைகீழாக விழும், கழுத்தில் மளுக்கென்று ஒரு சத்தம் வரும். உடனே திரை இருண்டு, மறுபடியும் ஓட்டுகிறாயா என்று கேட்கும். முதல்முறை அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்று, இந்த மனிதருக்கு ஏற்றிக் கொடுக்க வேறு விளையாட்டே கிடைக்கவில்லையா என்று வீட்டுக்காரரோடு பஸ் முழுக்கச் சண்டை போட்டேன். அவர் பாவம், அப்படி யோசித்துக் கொடுத்தவரில்லை.

மாமாவுக்கு அது பிடித்துப்போனது. முதல் சில நாட்கள் விளையாட்டைத் திட்டிக்கொண்டே விளையாடினார். "இன்னா வண்டி இது? அந்தரத்துல இருக்கும்போது பிரேக்க அமுக்குனா மூக்கு தாழுது. ஒலகத்துல எந்த வண்டிடா இப்படிப் போவுது?" என்பார். அப்புறம் வண்டியின் குணம் பிடிபட்டது. போகப்போகப் பாதைக்கெல்லாம் பேர் வைத்தார். முதலில் வரும் சின்ன மேடு ஏரிக்கரை. ஆடும் மரப்பாலம் கோமுகிப் பாலம். அடுத்தடுத்து வரும் குழிகள், அவர்கள் ஊர் ரோடு. அதெல்லாம் தாண்டினால் செங்குத்தாக ஒரு ஏற்றம். உச்சியில் புல்பூண்டு இல்லாத ஒரு உருண்டைப் பாறை. அதற்கு மொட்டைப் பாறை மேடு என்று பேர். அங்கேதான் ஒவ்வொரு முறையும் ஜீப்பு மூக்கைத் தூக்கிப் பின்பக்கமாக விழுந்தது. அவருக்கு நடந்தது போலவேதான். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சத்தியமாக விளையாட்டுக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்:

"ஏங்க, இதுல முன்னாடி ஆள உக்கார வைக்கிறதுக்கு எங்க அமுக்கணும்?"

மாமா போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அதுக்குப் பொத்தான் வைக்கலடி" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தாள், ஆனால் அவள் கண் திரையிலேயே இருந்தது.

அதே சமயத்தில்தான் அவள் மலையடிவாரத்துக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டு பூவையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்துவிட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நடப்பார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். பூசாரியின் பேத்தி எடுத்துக் கொடுத்ததைப் பிரித்தால் சிவப்பு. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் டியூட்டி முடிக்கும்வரை காத்திருந்து, என்னிடம் மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் குழந்தை எடுத்தது சரிதான் என்று என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ, சட்டென்று எழுந்துவிட்டாள். மறுநாள் மாமாவிடம் போய் நின்றாளாம்.

"பூவும் வாணாம், ஒண்ணும் வாணாம். அந்த மொட்டப் பாறைய நீங்க தாண்டிட்டீங்கன்னா எழுந்து நடந்துடுவீங்க. நா மனசுல நெனச்சிக்கினேன். தாண்டுங்க."

மாமா இதை ஒரு வேடிக்கையாக என்னிடம் சொன்னார். "உங்க அக்கா சாமிய மாத்திட்டா பாப்பா. இப்ப செல்லுதான் சாமி." வேடிக்கையாகத்தான் தொடங்கியது. ஆனால் அக்கா விஷயத்தில் எதுவும் வேடிக்கையாக நிற்காது. காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, வேலைக்குப் போகும் முன் போனைச் சார்ஜ் ஏற்றி அவர் கையில் வைத்துவிட்டுப் போவாள். போனுக்கு வேறு உபயோகமே இல்லாமல் போனது. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் நான் அடுத்த வீட்டு எண்ணுக்கு அடிக்க வேண்டும். சாயந்திரம் வந்ததும் முதல் கேள்வி, "தாண்டுச்சா?" பிறகு சமையலறையில் வேலை செய்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். ஜீப்பின் உறுமல், பாலத்தின் கடகடப்பு, எல்லாச் சத்தமும் அவளுக்கு மனப்பாடம். மேடு ஏறும்போது இஞ்சின் சத்தம் மாறும். அப்போது அவள் செய்கிற வேலையை நிறுத்திவிடுவாள். மளுக்கென்று கேட்டதும் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "பரவால்லங்க, நாளிக்கு பாத்துக்கலாம்" என்று மறுபடி தொடங்குவாள். அவள் அந்த ஒரு சொல்லில் அன்றைய ராத்திரியைக் கடத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரிந்தது. அதில் நான் செய்ய எதுவுமில்லை. தோள்வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன், புண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுத்துணி கேட்டு வாங்கி வந்தேன். வேறு என்ன செய்ய?

ஒரே இடத்தில் படுத்துக் கிடந்ததால் மாமாவுக்கு முதுகின் கீழே படுக்கைப்புண் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் போய் அதைச் சுத்தம் செய்து கட்டுவேன். அப்படி ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். வழக்கமாக நான் உட்காரும் பக்கத்தில் வெயில் அடித்ததால், அன்று சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தேன். மாமா ஒருக்களித்துப் படுத்து விளையாடிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலே திரை முழுக்க எனக்குத் தெரிந்தது. இவ்வளவு நாள் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன், அவர் ஓட்டுவதைச் சரியாகப் பார்த்ததில்லை. ஜீப்பு ஏரிக்கரையில் ஏறி, பாலத்தில் ஒரு பலகைகூட உடையாமல் கடந்து, குழிகளில் தொட்டில் மாதிரி இறங்கி ஏறிப் போனது. நிஜ ரோட்டில் எப்படி ஓட்டினாரோ அதே ஓட்டம். மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு விட்டார். முன்சக்கரம் தூக்கப் பார்க்கும், உடனே பிரேக், தாழும். இப்படியே உச்சிக்குப் போய், முன்சக்கரங்கள் இரண்டும் மொட்டைப் பாறையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டன. பிரேக்கில் நிறுத்தினார். ஜீப்பு அசையாமல் நின்றது. அந்தப் பக்கத்துப் பாதை எனக்கே தெரிந்தது. நல்ல இறக்கம், கீழே ஒரு பெட்ரோல் கேன். விரலை எடுத்தால் போதும், வண்டி தானாக உருண்டு போய்விடும்.

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "எங்க நிக்கிதுங்க?"

"பாறைகிட்ட."

"பாத்துங்க. மெதுவா."

மாமா பிரேக்கை விட்டு உடனே மறுபடி அமுக்கினார். அந்த விளையாட்டில் பிரேக்கை அமுக்கியபடியே இருந்தால் வண்டி நிற்கும், விட்டு மறுபடி அமுக்கினால் பின்னோக்கி நகரும். ஜீப்பு பாறையிலிருந்து பின்னால் இறங்கி, செங்குத்தான இடத்துக்கு வந்தது. அங்கே வைத்து வலது கட்டைவிரலை அழுத்தமாக ஊன்றினார். மூக்குத் தூக்கியது. பொம்மை தலைகீழாக விழுந்தது. மளுக். அக்கா மாவுக் கையோடு எட்டிப் பார்த்து, "அடடா, இன்னிக்கி கிட்டக்க வந்துச்சு போல. பரவால்லங்க, நாளிக்கு ஆயிடும்" என்றாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. அதோடு, நாளைக்கு என்று ஒன்று இருக்கிற தெம்பும் இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

என் கையில் பஞ்சு அப்படியே நின்றிருந்தது. மாமா திரும்பாமலே கேட்டார்.

"பாத்துட்டியா?"

"எத்தன நாளா மாமா இப்படி?"

"மொதல்ல நெஜமாவே வரல. அப்புறம் வந்துடுச்சு. நீங்க யாரும் இல்லாதப்ப எத்தினியோ வாட்டி தாண்டிப் பாத்துட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "தாண்டிட்டு கால ஆட்டிப் பாப்பேன். நானும் மனுசன்தான? ஒண்ணும் ஆவல."

நான் புண்ணைத் துடைத்தேன். துடைப்பது அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மெதுவாகத் துடைத்தேன்.

"அவ எதிர்ல தாண்டிட்டேன்னு வச்சிக்க. அப்புறமும் கால் வரலன்னா அவ இன்னாத்த புடிச்சிக்கினு நிப்பா? ஏற்கனவே தான் உக்காராததாலதான் ஆச்சுன்னு சொல்லிக்கினு திரியறா. சொல்லிடாத பாப்பா."

சரி என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆட்டியது அவருக்குத் தெரிந்திருக்காது. கட்டுப் போட்டு முடித்து, கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யார்மேல் கோபம்? சொன்னால் அக்கா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் தினமும் ஒரு மனிதர் தன் கழுத்தைத் தானே முறித்துக் காட்டிக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். இருவருக்கு உண்மை தெரியும், ஒருத்திக்கு நம்பிக்கை இருந்தது. நாங்கள் இருவரும் அவளைச் சுற்றிக் காவல் நின்றோம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா எனக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றியபடி, "உனக்கு என்னடி தோணுது, பொங்கலுக்குள்ள தாண்டிடுவாரா?" என்று கேட்டாள். தாண்டிடுவார்க்கா என்றேன். மாமா கட்டிலிலிருந்து சத்தமாகத் தண்ணீர் கேட்டார்.

பொங்கலுக்கு முன்பே காய்ச்சல் வந்தது. சிறுநீரில் சீழ், அது ரத்தத்தில் ஏறிவிட்டது. இப்படிப் படுத்தவர்களுக்கு இதுதான் வழக்கம் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். நான் வேலை செய்யும் வார்டிலேயே சேர்த்தோம். டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் என் கையால் மருந்து ஏற்றினேன், என் கையால் காய்ச்சலைக் குறித்தேன், அது இறங்காததையும் நானே குறித்தேன். அக்கா போனைக் கொண்டுவந்திருந்தாள். அவர் கண் விழிக்கும்போதெல்லாம் கையில் வைக்கப் பார்த்தாள். விரல் நிற்கவில்லை, போன் போர்வைமேல் சரிந்தது. ஒரு காலை நேரம், ஜன்னல் திரையை நான் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார்.

"ஒரே ஒரு வாட்டிங்க. நா புடிச்சிக்கிறேன், நீங்க அமுக்குங்க" என்றாள் அக்கா.

"வூட்டுக்குப் போயி தாண்டறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. இன்னா அவசரம்?"

அதுதான் அவர் அவளிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. அன்று மதியம் நினைவு தப்பியது, மறுபடி திரும்பவில்லை. அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தது நான். அடுத்த கட்டிலில் யாராவது இறந்தால் என்ன செய்வேனோ, அதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். கண்ணை மூடிவிட்டேன், குழாய்களை எடுத்தேன், போர்வையை இழுத்துவிட்டேன். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த பருவத்தில் அவள் மறுபடியும் கரும்பு வெட்டப் போனாள். போகாமல் முடியாது. டிராக்டரில் முன்னால் உட்கார யார் கூப்பிட்டாலும் இப்போது அவள் ஏறுவதில்லை. அந்த செல்போன் கடை விவகாரத்துக்குப் பிறகு வந்த ஞாயிறன்று அவளைப் பார்க்கப் போயிருந்தேன். காலை வெயில் உள்ளே வரை வந்திருந்தது. மாமாவின் கட்டிலைக் கொடுத்துவிடச் சொல்லி நான் பல தடவை சொல்லியும் அது அங்கேயேதான் கிடக்கிறது. அதில் உட்கார்ந்து போனைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். "இத எப்புடிடி தொறக்கறது?" என்றாள். அத்தனை மாதம் சத்தத்தைக் கேட்டவள், ஒருமுறைகூட அதைத் தொட்டு விளையாடியதில்லை. எனக்கு வேண்டாம் என்று இருந்தது. வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? திறந்து கொடுத்தேன். முன்னால் போக வலது பக்கம் அமுக்கு என்று மட்டும் சொன்னேன்.

அக்காவுக்குப் பயம். கட்டைவிரலால் லேசாகத் தொடுவாள், உடனே எடுத்துவிடுவாள். ஜீப்பு எறும்பு மாதிரி நகர்ந்தது. ஏரிக்கரையில் ஏறியது, இறங்கியது. பாலத்தில் ஆடி ஆடிக் கடந்தது. இது பாலம், இது குழி என்று சத்தத்தை வைத்தே சரியாகச் சொல்லிக்கொண்டு போனாள். மேடு வந்தது. தொட்டாள், எடுத்தாள், தொட்டாள், எடுத்தாள். வேகம் இல்லாததால் மூக்குத் தூக்கவே இல்லை. நான் விழு விழு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அது விழவில்லை. உச்சிக்குப் போய், மொட்டைப் பாறைமேல் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, அந்தப் பக்கம் இறங்கியது. அக்கா நம்பாமல் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி இது? மெதுவா போனா போவுது."

போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

"அவர விட மெதுவா யாருடி வண்டி ஓட்டுவாங்க? அவருக்கு ஏன் வரல?"

எத்தனையோ வீட்டாரிடம் எத்தனையோ சொல்லிச் சமாதானப்படுத்தியவள் நான். கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று பூக்கட்டிப் பார்த்துவிட்டு வந்து பார்த்த மாதிரியே. இந்த முறை எழுந்து போகவில்லை. அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது. "எனக்காவத்தான…" என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். கையில் ஜீப்பு தன்பாட்டுக்கு இறக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பாதை அவள் பார்த்திராதது, அதன் சத்தமும் அவளுக்குப் பழக்கமில்லை. திடுக்கிட்டுக் குனிந்தாள்.

"ஓடுதுடி. பிரேக்கு எதுடி?"

இடது மூலையைத் தொட்டுக் காட்டினேன். வெளுத்துப்போன அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். வண்டி நின்றது.

"எடுத்தா ஓடிடுமா?"

"ஓடிடும்க்கா. இறக்கம்."

அக்கா விரலை எடுக்கவில்லை.